எல்லா வேலைக்கும் ஒரே இலக்குப் படிவமா? வேலைகளைப் பிரித்துக் கண்காணிப்பது குறித்த இழை

கேள்வி, ஜூன் 3

திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் நடத்துகிறேன். எண்பது பேருக்குச் சற்று அதிகமாகப் பணிபுரிகிறார்கள். தையல்காரர், கட்டிங் மாஸ்டர், மெக்கானிக், மெர்ச்சண்டைசர், கணக்கர் என எல்லோருக்கும் ஒரே படிவத்தில் மாத இலக்கு வைத்து, அதைக் கொண்டே ஊக்கத்தொகை தர வேண்டும் என்று ஆலோசகர் ஒருவர் சொல்கிறார். அளக்க முடியாததை நிர்வகிக்க முடியாது என்பது அவர் வாதம். எனக்கும் அது சரியென்றே படுகிறது. மறுப்பவர் உண்டா?

ஜூன் 3, இரவு

மறுக்கிறேன். அந்த வாசகத்தைத் தர மேலாண்மை அறிஞர் டெமிங் சொன்னதாகக் கூறுவது ஆலோசகர்களின் வழக்கம். டெமிங் எழுதியதோ இதற்கு நேர்மாறானது. அளக்க முடியாவிட்டால் நிர்வகிக்க முடியாது என்று எண்ணுவது தவறு, அது பெருஞ்செலவு வைக்கும் கட்டுக்கதை என்றே அவர் எழுதினார். இதை உங்கள் ஆலோசகரிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். அதையும் ஓர் ஆய்வாக்கி அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்.

ஜூன் 4

என் பணிக்காலத்தின் முற்பாதி கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றின் பணியாளர் துறையிலும், பிற்பாதி ஒரு வங்கியின் உள்தணிக்கையிலும் கழிந்தது. ஆலையில் மனிதர்களை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தோம். வங்கியில் அவர்கள் விட்டுச்சென்ற காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டும் கண்காணிப்புதான் என்றாலும், ஒன்றில் பயன்பட்ட முறை மற்றொன்றில் சிறிதும் பயன்படாது என்பதை நேரில் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

வேலைகளைப் பிரிப்பதற்கு எளிய அளவுகோல் ஒன்றை மேலாண்மை அறிஞர் வில்லியம் ஓச்சி 1979இல் ஒரு கட்டுரையில் தந்தார். ஒவ்வொரு வேலையைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். எப்படிச் செய்தால் இந்த வேலை சரியாக வரும் என்பது நிர்வாகத்துக்கு முழுமையாகத் தெரியுமா? செய்து முடித்ததன் பலனை, இன்னாரால் இது விளைந்தது என்று பிரித்து, நம்பும்படி அளக்க முடியுமா? இரண்டுக்கும் ஆம், இல்லை என்று விடை எழுதினால் நான்கு கட்டங்கள் கிடைக்கும்.

செய்முறை தெரியும், ஆனால் பலனைத் தனித்தனியாக அளக்க முடியாது என்றால், ஆள் வேலை செய்யும் விதத்தைக் கவனிக்க வேண்டும். ஓச்சி இதற்குத் தகர டப்பாத் தொழிற்சாலையை உதாரணமாகச் சொல்கிறார். வரிசையில் நிற்கும் ஒருவருடைய பங்கை மட்டும் பிரித்துப் பார்க்க இயலாது. ஆனால் எந்த இயந்திரத்தை எப்படி இயக்க வேண்டும் என்பதில் ஐயம் எதுவும் இல்லை. செய்முறை தெரியாது, ஆனால் பலன் கண்ணுக்குத் தெரியும் என்றால், ஆளை விட்டுவிட்டுப் பலனைப் பார்க்கலாம். அவருடைய உதாரணம் பெண்கள் ஆடைக்கடை. எந்த உடை அடுத்த பருவத்தில் விற்கும் என்று தேர்ந்தெடுப்பவருடைய மூளைக்குள் என்ன நடக்கிறது என்று எவருக்கும் தெரியாது. பருவ முடிவில் விற்பனைக் கணக்கு தெரிந்துவிடும். இரண்டுமே தெரிந்த இடத்தில் எந்த முறையையும் கையாளலாம். நிலவுக்கு ஆள் அனுப்பிய அப்போலோ திட்டத்தை அவர் அங்கே வைத்தார். இரண்டுமே தெரியாத இடம்தான் சிக்கலானது. ஆராய்ச்சிக்கூடம் அங்கே இருக்கிறது. அங்கு ஆளைத் தேர்ந்தெடுப்பதிலும், பழக்குவதிலும், ஒரே வகையான தொழில் மனச்சாட்சி உடையவர்களை ஒன்றாக வைத்திருப்பதிலும்தான் கட்டுப்பாடு அடங்கியிருக்கிறது. பொறுக்கி எடுக்கும்போதே பாதிக் கண்காணிப்பு முடிந்துவிட வேண்டும்.

உங்கள் ஆலோசகரின் படிவம், எண்பது பேரையும் ஆடைக்கடைக் கட்டத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

ஜூன் 5

ஆலையிலிருந்து ஓர் உதாரணம். ரிங் ஃப்ரேம் என்ற நூற்கும் இயந்திரத்தைக் கவனித்து நிற்கும் தொழிலாளியான சைடருக்கு உற்பத்திக் கிலோவை வைத்து ஊக்கத்தொகை தரலாமே என்று புதிதாக வந்த மேலாளர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருக்கிறார்கள். உற்பத்தியின் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை ஸ்பிண்டிலின் வேகமும் நூலின் பருமனைக் குறிக்கும் கவுண்ட்டும் அதற்குத் தரப்படும் முறுக்கும்தான். சைடரின் கையில் இருப்பது, அறுந்த இழையை எவ்வளவு விரைவில் பிணைக்கிறார், தம் ஃப்ரேம்களை எப்படிச் சுற்றி வருகிறார், கழிவை எவ்வளவு குறைக்கிறார் என்பவை மட்டுமே. ஆகவே அவரை உற்பத்தி எண்ணைக் கொண்டு மதிப்பிட்டால் இயந்திரத்துக்கு மதிப்பெண் போட்டு மனிதருக்குச் சம்பளம் தருவதாகிவிடும். அதே ஆலையில் கையால் சுற்றும் ரீலிங் பகுதியில் கணக்கு வேறு. அங்கே வேகம் கையிலிருந்து வருவதால் பீஸ் ரேட், அதாவது செய்த அளவுக்குக் கூலி, பல காலம் நியாயமாகவே நடந்தது.

கோவையில் 1956இல் தொடங்கப்பட்ட ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா, நூறு கிலோ நூலுக்கு எத்தனை ஆள்மணி செலவாகிறது என்று ஆலைகளை ஒப்பிட்டுத் தந்த அளவீடு மிகப் பயனுள்ளது. ஆனால் அது ஆலையை மதிப்பிடும் எண். அதை ஒரு தனி ஆளின் தலைமேல் இறக்கினால் பொருளிழந்துவிடும். எண் சரியானது என்பதும், அது இன்னார்மீது சுமத்தத் தக்கது என்பதும் வெவ்வேறு விஷயங்கள்.

எங்கள் ஆலையில் ஒரு காலத்தில் குறைந்த கழிவு காட்டும் சைடருக்குப் பரிசு அறிவித்தார்கள். கழிவு, கலவையில் வரும் பஞ்சின் தரத்தையும் அறையின் ஈரப்பதத்தையும் பொறுத்தது என்று ஸ்பின்னிங் மாஸ்டர் எச்சரித்தும் நிர்வாகம் கேட்கவில்லை. கழிவு எண் அழகாக இறங்கியது. மழைக்காலம் தொடங்கியதும் ஆலையின் வடிகால் அடைத்துக்கொண்டது. தோண்டிப் பார்த்தபோது உள்ளே முழுதும் பஞ்சு.

ஜூன் 5, மாலை

ஒருவர் கேட்கிறார்: எங்கள் நிறுவனத்தில் ஏற்கெனவே பணிகளுக்குக் கிரேடு உண்டு, அதையே கண்காணிப்புக்கும் பயன்படுத்தலாமா?

கூடாது. கிரேடு என்பது பணியின் மதிப்பை ஒப்பிட்டு ஊதியத்தை முடிவுசெய்வதற்கானது. ஒரே கிரேடில் இருக்கும் கிளைக் காசாளரையும் வாடிக்கையாளர் தொடர்பு அலுவலரையும் எண்ணிப் பாருங்கள். முன்னவரின் மேசையை மாலையில் எண்ணி முடித்தால் அன்றைய உண்மை தெரிந்துவிடும். பின்னவர் இன்று செய்ததன் உண்மை மூன்றாண்டுகள் கழித்து வாராக்கடனாக வரலாம், வராமலும் போகலாம்.

ஜூன் 7

இனி உங்கள் தையல் பகுதிக்கு வருவோம். இங்கே செய்முறையும் தெரியும், பலனும் தெரியும். ஓவர்லாக், ஃப்ளாட்லாக், சிங்கர் என எந்த இயந்திரத்தில் யார் எத்தனை பீஸ் முடித்தார் என்று எண்ணிவிடலாம். பீஸ் ரேட் பொருந்தும் வேலை இது. அப்படியிருந்தும் திருப்பூரில் பல நிறுவனங்கள் ஷிப்ட் கணக்கில் சம்பளம் தருவதற்குக் காரணம் இருக்கிறது. சிறிய ஆர்டர்களும் அடிக்கடி மாறும் ஸ்டைல்களும் வரும்போது பீஸுக்கு ரேட் பேசி முடிப்பதற்குள் ஆர்டரே முடிந்துவிடும்.

பீஸ் ரேட் எப்போது உண்மையிலேயே நன்மை தரும் என்பதற்குத் தெளிவான சான்று அமெரிக்காவிலிருந்து வருகிறது. வண்டிகளின் கண்ணாடி மாற்றித் தரும் சேஃப்லைட் நிறுவனம் 1990களின் நடுவில் மணிக்கூலியிலிருந்து கண்ணாடிக்கு இவ்வளவு என்ற முறைக்கு மாறியது. பொருளியல் அறிஞர் எட்வர்ட் லேசியர் அதன் பதிவேடுகளை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட முடிவு: ஓர் ஆளின் உற்பத்தி சராசரியாக 44 விழுக்காடு உயர்ந்தது. அதில் ஏறத்தாழப் பாதிதான் ஏற்கெனவே இருந்தவர்கள் வேகம் கூட்டியதால் வந்தது. மீதியின் பெரும்பகுதி, வேகமானவர்கள் தேடி வந்து சேர்ந்ததால் வந்தது.

இந்த இரண்டாம் பாதியை முதலாளிகள் கவனிப்பதில்லை. ஊதிய முறை, இருப்பவர்களை முடுக்குவதோடு நிற்காமல் எப்படிப்பட்டவர்கள் வாசலுக்கு வருவார்கள் என்பதையும் தீர்மானிக்கிறது.

சேஃப்லைட்டில் தரம் கெடாததற்குக் காரணம், கண்ணாடி உடைந்து திரும்பி வந்தால் அதைப் பொருத்தியவரே தம் நேரத்தில் மீண்டும் பொருத்த வேண்டும் என்ற விதி. நம் ஊரில் செக்கிங்கில் நிறுத்தப்பட்ட பீஸை ஆல்ட்ருக்கு, அதாவது திருத்தித் தைக்க, அதே தையல்காரரிடம் அனுப்புவது இதே ஏற்பாடுதான். அந்தப் பீஸைத் தைத்தவர் யார் என்று சீட்டு இருந்தால் மட்டுமே இது நடக்கும். சீட்டு இல்லாத லைனில் பீஸ் ரேட் வைப்பது, தரத்தைக் கெடுக்கச் சம்பளம் கொடுப்பதற்குச் சமம்.

ஜூன் 8

இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்த வாசகர் ஒருவர் எழுதியதைப் படித்த பிறகு, நான்காம் தேதி எழுதிய இரண்டு கேள்விகள் போதாது என்று தோன்றுகிறது. பலனை அளக்க முடியுமா என்று கேட்டேனே தவிர, எப்போது அளக்க முடியும் என்று கேட்கவில்லை.

கொழுந்து பறிப்பவரின் வேலை அன்றைக்கே தராசில் ஏறிவிடுகிறது. நாளுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு வைத்து, குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் கூலி), கூடினால் கிலோவுக்குக் கூடுதல் கூலி என்று எழுதிவிடலாம். தராசு முற்றிய இலையையும் எடை போடும் என்பதால்தான், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக வருகிறதா என்று பார்க்க மேற்பார்வை செய்யும் கங்காணி தேவைப்படுகிறார். ஆக, அங்கேயே பலன் பாதியும் நடத்தை பாதியுமாக இரண்டு கட்டுப்பாடுகள் சேர்ந்து இயங்குகின்றன.

அதே மலையில் கவ்வாத்து வெட்டுபவருக்கும், அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிப்பவருக்கும், நாளுக்கு இத்தனை செடி என்று கணக்குத் தருகிறார்கள். வெளிப்பார்வைக்கு இதுவும் எண்ணக்கூடிய வேலைதான். ஆனால் அவசரத்தில் கிளை பிளந்தால், பிளவின் வழியாக மரத்தை அரிக்கும் காளான் உள்ளே போகும். செடி மெலிவது தெரிய நெடுங்காலம் ஆகும். அதற்குள் வெட்டியவர் யார் என்பது ஏட்டிலும் இருக்காது, எவர் நினைவிலும் இருக்காது. எண்ண முடிகிறது என்பதற்காக எண்ணினால், எண்ணத் தேவையில்லாததை எண்ணிக்கொண்டிருப்போம். இங்கே வெட்டும் கோணத்தையும் கத்தியின் கூர்மையையும் பக்கத்தில் நின்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்கிறார் அந்த வாசகர். எனக்கும் உடன்பாடே.

லண்டனில் கிளேசியர் மெட்டல் நிறுவனத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த எலியட் ஜாக்ஸ் இந்தக் கால இடைவெளியையே மைய அளவுகோலாக்கினார். ஒருவர் தம் முடிவில் தரம் தாழ்ந்தால் அது மேலிருப்பவர் கண்ணில் படுவதற்கு அதிகபட்சம் எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டு, அந்தக் காலம் நீள நீள வேலையின் பொறுப்பு உயர்கிறது என்றார். அவர் அதை ஊதியத்துக்கும் அடிப்படையாக்க விரும்பினார். அங்கே நான் அவருடன் போகமாட்டேன். கவ்வாத்துக்காரருக்கு எவரும் மேலாளர் சம்பளம் தரப்போவதில்லை. ஆனால் கண்காணிப்பைப் பிரிப்பதற்கு இது மிகக் கூர்மையான கேள்வி.

ஜூன் 8, இரவு

இடையில் ஒருவர்: அப்படியானால் இந்த இழையின் பலன் எப்போது தெரியும்?

கவ்வாத்து வகையில் சேர்த்துக்கொள்ளவும்.

ஜூன் 10

மெக்கானிக். இவரை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். எந்தக் கட்டத்திலும் முழுமையாகப் போட முடியாது; பிரிக்க வேண்டியது பதவியை என்று நான் இதுவரை எழுதிவந்த தோரணையை இங்கே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரே பதவிக்குள் வெவ்வேறு வகை வேலைகள் இருக்கின்றன, அவற்றைத்தான் பிரிக்க வேண்டும்.

எண்ணெய் விடுவது, ஊசியும் லூப்பரும் சரிபார்ப்பது, பெல்ட்டை மாற்றுவது போன்றவை அட்டவணைப்படி செய்யக்கூடியவை. செய்தாரா இல்லையா என்று பட்டியலில் குறியிட்டுப் பார்க்கலாம். துணியில் விழும் எண்ணெய்க்கறையே பாதிச் சாட்சி சொல்லிவிடும். நின்றுபோன இயந்திரத்தை ஓடவைப்பது பலனால் தெரியும். ஒரே இடத்தில் மட்டும் தையல் விட்டுப்போவது ஏன் என்று புரியாமல் அரை நாள் குழம்பிக் கண்டுபிடிப்பது இந்த இரண்டிலும் சேராது. சமூகவியல் அறிஞர் சார்லஸ் பெரோ 1967இலேயே சொன்ன பிரிவு இங்கே உதவும். வழக்கத்துக்கு மாறானவை எவ்வளவு அடிக்கடி வருகின்றன, வந்தால் அதற்குத் தீர்வு தேடத் தெளிவான வழி இருக்கிறதா என்று அவர் கேட்டார். தேடத் தெளிவான வழி இல்லாத வேலையில், அனுபவசாலியைப் பிடித்து வைத்துக்கொள்வதே கட்டுப்பாடு.

இப்போது மெக்கானிக்குக்குச் சரிசெய்த பழுதுகளின் எண்ணிக்கைக்கு ஊக்கத்தொகை என்று வையுங்கள். அவர் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. எண்ணெய் விடுவதற்கு நேரமில்லாமல் போய்விடும், பழுதுகள் பெருகும், ஊக்கத்தொகையும் பெருகும். ஒரே ஆளிடம் அளக்கக்கூடிய வேலையும் அளக்க முடியாத வேலையும் சேர்ந்திருந்தால், அளக்கக்கூடியதற்குப் பணம் வைக்கும்போது உழைப்பு மற்றதிலிருந்து நழுவிவிடும் என்பதை பொருளியல் அறிஞர்கள் ஹோம்ஸ்ட்ரோம், மில்க்ரோம் இருவரும் 1991இல் கணித வழியில் நிறுவினார்கள். அவர்கள் ஆய்விலிருந்து வரும் முடிவுகளுள் ஒன்று, இத்தகைய இடங்களில் ஊக்கத்தொகை இல்லாத நிலையான சம்பளமே சிறந்ததாக இருக்கக்கூடும் என்பது. மற்றொன்று, அளக்கக்கூடிய வேலைகளை ஓர் ஆளிடமும் அளக்க முடியாதவற்றை வேறோர் ஆளிடமும் ஒதுக்கிவிடலாம் என்பது. எண்பது பேர் நிறுவனத்தில் இரண்டாவதற்கு வசதி இருக்காது. முதலாவதற்கு எல்லோருக்கும் வசதி உண்டு, மனம்தான் வருவதில்லை.

இதன் பெரிய வடிவம் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி. வாடிக்கையாளர் குடும்பத்துக்கு எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்பது அங்கே முழக்கமாகவே இருந்தது. வாடிக்கையாளருக்கு என்ன தேவை என்று அறிந்து நம்பிக்கையை வளர்ப்பதுதான் கிளை ஊழியரின் உண்மையான வேலை. அதை அளக்க முடியாது. திறந்த கணக்குகளை எண்ண முடியும். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தபோது, கேட்காமலே திறக்கப்பட்டிருக்கலாம் எனக் கருதப்பட்ட கணக்குகள் சுமார் 20 லட்சம். மறு ஆண்டு வங்கியே அதை 35 லட்சம் என்று உயர்த்தியது. பணிநீக்கம் செய்யப்பட்டவர்கள் ஏறத்தாழ 5,300 பேர். இத்தனை பேர் ஒரே நேரத்தில் ஒழுக்கம் கெட்டார்கள் என்று நம்புவதற்கு நான் தயாராக இல்லை.

ஜூன் 11

கணக்கர். இவருக்கு இலக்கு வைப்பது பற்றி நீங்கள் யோசிப்பதே எனக்கு வியப்பு. இதுவரை கேட்ட கேள்விகள் எல்லாம், வேலை நன்றாக நடக்கிறதா என்பதைக் குறித்தவை. தணிக்கையில் இருந்தவன் என்ற முறையில் நான் எப்போதும் முதலில் கேட்பது வேறு: இந்த நாற்காலியில் இருப்பவர் நினைத்தால் எவ்வளவு சேதம் செய்யலாம், அதை எவ்வளவு காலம் மறைக்கலாம்? சேதத்தின் அளவை வைத்து வேலைகளைப் பிரித்தால் பட்டியல் தலைகீழாக மாறும். மாதச் சம்பளத்தில் கீழே இருப்பவர் பலர் மேலே வருவார்கள்.

பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கியின் சிங்கப்பூர் அலுவலகத்தில் நிக் லீசன் வர்த்தகமும் செய்தார், அந்த வர்த்தகத்தின் கணக்கை முடிக்கும் பிரிவும் அவர் கையில் இருந்தது. 88888 என்ற எண்ணுடைய ஒரு கணக்கில் நட்டங்களை ஒளித்தார். இரண்டு பொறுப்புகளையும் பிரிக்க வேண்டும் என்று 1994இல் உள்தணிக்கை எழுதிவைத்தும் எதுவும் நடக்கவில்லை. 1995 பிப்ரவரியில் 82.7 கோடி பவுண்டு நட்டத்துடன் வங்கி வீழ்ந்தது. நெதர்லாந்தின் ஐஎன்ஜி நிறுவனம் அதை ஒரு பவுண்டுக்கு வாங்கியது. பலனை மட்டும் பார்த்திருந்தால் வீழ்வதற்கு முந்தைய மாதம் வரை லீசன் மிகச்சிறந்த ஊழியர். இலக்குப் படிவத்தில் முழு மதிப்பெண் பெற்றிருப்பார்.

இந்தியாவில் 2018 பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கி அறிவித்த, ரூ.11,000 கோடியைத் தாண்டிய வைர வணிகர் நீரவ் மோடி விவகாரத்திலும் இதே தடம் தெரிகிறது. மும்பைக் கிளை ஒன்றிலிருந்து, வங்கிகள் தமக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாக அனுப்பிய கடன் உறுதிக்கடிதங்கள் வங்கியின் மையக் கணக்கு அமைப்பில் பதிவாகவில்லை. அந்த நாற்காலியில் இருந்த அலுவலர் வழக்கமான இடமாற்றமின்றிப் பல ஆண்டுகள் தொடர்ந்தார்.

இத்தகைய இருக்கைகளுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் மருந்து எளிமையானது. 2021 ஜூலையில் புதுப்பித்த அறிவுறுத்தலின்படி, முறைகேட்டுக்கு இடம்தரக்கூடிய நுண்ணிய பொறுப்புகளில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒருமுறை, முன்னறிவிப்பின்றி, தொடர்ச்சியாகப் பத்து வேலை நாட்களாவது கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும். அந்நாட்களில் வேலை தொடர்பான எதையும் அவர் தொடக்கூடாது. எந்தெந்தப் பொறுப்புகள் நுண்ணியவை என்ற பட்டியலை, தன் இயக்குநர் குழு ஏற்ற கொள்கையின்படி ஒவ்வொரு வங்கியும் வகுக்க வேண்டும். வேலைகளை வகைப்படுத்துவது ஏட்டுப் படிப்பு என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இது விடையாகும் என்று நம்புகிறேன். விடுப்பே எடுக்காத ஊழியரை ஆண்டுவிழாவில் பொன்னாடை போர்த்திப் பாராட்டும் வழக்கமுள்ள ஊரில், தணிக்கைக்காரன் அந்தப் பொன்னாடையைப் பார்த்துத்தான் முதலில் பயப்படுவான்.

உங்கள் நிறுவனத்தில் காசோலை எழுதுபவரும் வங்கி அறிக்கையைச் சரிபார்ப்பவரும் ஒருவரேயானால், நாளையே மாற்றுங்கள். இலக்கு பிறகு.

ஜூன் 13

வகை சரியாகப் பிரித்தாலும் கட்டுப்பாடு தோற்கலாம் என்பதற்கு ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் ஒரு சோடி உதாரணம் உண்டு.

சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய ஓராசிரியர் பள்ளிகளில் ஆசிரியர்கள் வராதது பெருங்குறையாக இருந்தது. தேதியும் நேரமும் பதியும் கேமராவைக் கொடுத்து, பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் மாணவர் ஒருவர் ஆசிரியரைப் பிள்ளைகளோடு படம் எடுக்கச் செய்தார்கள். வந்த நாட்களைப் பொறுத்தே சம்பளம். வராத நாட்கள் 42 விழுக்காட்டிலிருந்து பாதியாகக் குறைந்தன. பிள்ளைகளின் கற்றலும் உயர்ந்தது. டஃப்லோ, ஹன்னா, ரயன் மூவரும் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். கற்பித்தல் என்ற வேலையை அளக்க முடியாவிட்டாலும், அதற்குள் இருக்கும் வருகை என்ற பகுதியை அளக்க முடிந்தது. பத்தாம் தேதி எழுதியதற்கு இது எதிர்ச்சான்று என்று ஒருவர் சுட்டுகிறார். ஓரளவு உண்மை. வருகையே இல்லாத இடத்தில் அதைப் பிடித்தால் மற்றவையும் கூடவே வரும். எல்லோரும் ஏற்கெனவே வரும் இடத்தில் வருகையைப் பிடித்தால், வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அதே மாவட்டத்தில், அதே தொண்டு நிறுவனத்தின் துணையோடு, அரசுத் துணைச் சுகாதார மையங்களின் செவிலியருக்கும் நேரம் பதியும் கருவியைத் தந்தார்கள். வராவிட்டால் சம்பளத்தில் பிடித்தம் என்று சுகாதாரத்துறை அறிவித்தது. முதல் சில மாதங்களில் வருகை ஏறியது. பிறகு விலக்களிக்கப்பட்ட நாட்கள் என்று துறையே தாராளமாக எழுதிக் கொடுக்கத் தொடங்கியது. பதினாறு மாதங்களில் பயன் முற்றிலும் மறைந்துவிட்டது. கருவி மாறவில்லை, வேலையின் வகையும் மாறவில்லை. விதியைப் பிடித்து நிற்க மேலிருப்பவருக்கு மனமும் வசதியும் இருந்ததா என்பதில்தான் வேறுபாடு.

ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, இதைக் கண்காணிக்கப்போவது யார், அவருக்கு அதனால் என்ன தொல்லை என்றும் ஒரு நிரல் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் லைன் சூப்பர்வைசர் தம் மைத்துனரின் வருகையைக் குறிக்க வேண்டியிருந்தால், அந்த நிரலில் நேர்மையாக எழுதுவது நல்லது.

ஜூன் 14

கட்டிங் மாஸ்டரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை என்பதால் சுருக்கமாக. துணிதான் பெரிய செலவு என்பதால் இவருக்குத் துணி மிச்சத்தில் இலக்கு வைப்பார்கள். துணியில் வெட்டும் வடிவங்களின் வரைபடமான மார்க்கரை நெருக்கி வைத்து மிச்சம் காட்டுவது எளிது; அளவு எல்லையின் ஓரத்தில் நிற்கும் பீஸ்கள் தையலுக்குப் போய், அங்கே ஏதாவது கோணினால் பழி தையல்காரர்மேல் விழும். துணி மிச்சத்தையும், கட்டிங் காரணமாகத் திரும்பி வந்த பீஸ்களையும் சேர்த்தே பாருங்கள், தனித்தனியே பார்க்காதீர்கள்.

ஜூன் 16

மெர்ச்சண்டைசர். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததற்குக் காரணம், எனக்கும் தெளிவு இல்லாததுதான்.

ஆர்டர் தரும் பையரின் மின்னஞ்சலுக்கும் சாயப்பட்டறைக்கும் தையல் லைனுக்கும் நடுவில் நிற்பவர் இவர். சாம்பிளுக்கு ஒப்புதல் எப்போது, துணி எப்போது உள்ளே வர வேண்டும், ஷிப்மெண்ட் என்றைக்கு என்று தேதி அட்டவணை வைத்திருப்பார். அந்த அட்டவணை இருப்பதால் இவர் வேலை அளக்கத்தக்கது என்று தோன்றும். ஆனால் சாயப்பட்டறை தாமதித்தால் இவரால் என்ன செய்ய முடியும்? மாறாக, எல்லாத் தேதியும் சரியாக நடந்த ஆர்டரில், எந்தெந்த விபத்தை இவர் ஒரு தொலைபேசி அழைப்பில் தடுத்தார் என்பது எந்த அட்டவணையிலும் வராது. கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போய் லாபத்தைத் தின்னும்போதுதான் இவர் பெயர் முதலாளிக்கு நினைவு வருகிறது.

அரசு அலுவலகங்களை ஆராய்ந்த ஜேம்ஸ் க்யூ. வில்சன் 1989இல் நான்கு வகைகளைக் காட்டினார். செய்யும் விதமும் பலனும் தெரிபவை, விதம் மட்டும் தெரிபவை, பலன் மட்டும் தெரிபவை, இரண்டுமே மேலிருப்பவர் கண்ணுக்கு எட்டாதவை. கடைசி வகையில் பள்ளியையும் ரோந்துக் காவலையும் வைத்தார். அங்கே மேலிருப்பவருக்கும் கீழிருப்பவருக்கும் எப்போதும் உரசல் இருக்கும் என்பதும், புகார் வரும்போது மட்டும் நிர்வாகம் விழித்துக்கொள்ளும் என்பதும் அவர் கண்டவை. மெர்ச்சண்டைசரின் நிலை இதற்கு மிக அருகில் இருக்கிறது. புகாரை மட்டும் எண்ணினால், புகார் வராத எளிய பையரைத் தமக்கு வைத்துக்கொண்டு கடினமான பையரைப் புதிதாக வந்தவரிடம் தள்ளிவிடுவார்கள்.

நான் செய்யச் சொல்வது: தேதி தவறியதை எண்ணாமல், தவறப்போகிறது என்று எவ்வளவு முன்னதாக உங்களிடம் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். வாரம் ஒருமுறை அட்டவணையை வைத்துக்கொண்டு அவரோடு உட்காருங்கள். அது கண்காணிப்பாகவும் இருக்கும், பழக்குவதாகவும் இருக்கும். நல்லவர் கிடைத்தால் இழக்காத அளவுக்குச் சம்பளம் கொடுங்கள். இதைவிடத் துல்லியமாக ஏதேனும் இருப்பதாக ஆலோசகர் சொன்னால், அதை அவருடைய கட்டணத்துக்கு முதலில் பொருத்திப் பார்க்கலாம்.

ஜூன் 17

கேள்வி கேட்டவரே மீண்டும் எழுதியிருக்கிறார்: இவ்வளவு தலைவலி எதற்கு, தையலைப் பவர் டேபிள்காரருக்கு, அதாவது கூலிக்குத் தைத்துத் தரும் சிறு பட்டறைக்காரருக்கு, பீஸ் கணக்கில் வெளியே கொடுத்துவிட்டால் எல்லாம் தீராதா?

ஓச்சி தம் கட்டுரையில் சந்தையையும் ஒரு கட்டுப்பாட்டு முறையாகவே சேர்த்திருக்கிறார். உதிரிப்பாகங்கள் வழங்கும் ஒரு பிரிவை எடுத்துக்கொண்டு, கொள்முதல் பகுதியில் போட்டி விலை கேட்டாலே போதும், விற்பவர் உழைத்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை என்கிறார். கிடங்கில் அது நடக்காது. அங்கே மேற்பார்வையாளர் தேவை. நீங்கள் செய்ய நினைப்பது, கிடங்கைக் கொள்முதலாக மாற்றுவது. விலையில் மட்டும் அக்கறை இருந்தால் நடக்கும்.

ஆனால் 2013இல் டாக்கா அருகே ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்த பிறகு, பெரிய பையர்கள் எந்தக் கூரையின்கீழ் தங்கள் துணி தைக்கப்படுகிறது என்று கேட்பது அதிகமாகியிருக்கிறது. அனுமதி பெறாமல் வெளியே கொடுத்தது தெரிந்தால் ஆர்டரே போகலாம். பவர் டேபிளின் வருகைப் பதிவேடு, அவசர வழி, வயதுச் சான்று என எல்லாவற்றையும் நீங்களே போய்ப் பார்க்க வேண்டிவரும். மேற்பார்வையாளர் சம்பளம் மிச்சமாகாது. அவர் பைக்கில் போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அனுமதி பெற்ற இடமாகவே பார்த்துக் கொடுப்பதானால், முதலில் ஒரே ஒரு ஸ்டைலை மட்டும் கொடுத்து, ஆல்ட்ருக்குத் திரும்பும் பீஸ்களை உங்கள் சொந்த லைனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த எண்கள் வந்த பிறகு எழுதுங்கள், பார்ப்போம்.